கிழட்டு நாய்க்கு யார் டொக்டர்?

(உலக விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பு தினத்தையொட்டி, இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில் பேசியது. மேடையில் நேரமில்லாமல் விட்டுப்போன சில வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் தோட்டத் துரை அவர்களே, பிரதேச சபை உறுப்பினர் அவர்களே, கிராம உத்தியோகத்தர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம் பி.எச்.ஐ. ஐயா அவர்களே, மாரியம்மன் கோயில் குருக்கள் ஐயா அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அவர்களே, தொழிற்சங்கத் தலைவர்மார்களே! மூன்று சங்கத்துத் தலைவர்மாரும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். அந்தப் புண்ணியம் நம் நாய்களுக்கே சேரட்டும். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் அம்மாமார்களே, அக்காமார்களே, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

துரை அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். மண்டபத்தைத் தந்தார். கதிரை தந்தார். கூட்டம் முடிந்து தேத்தண்ணி போட ஸ்டோரிலிருந்து தூளும் அனுப்பியிருக்கிறார். விசாரித்தேன், டஸ்ட் இல்லையாம், நல்ல தூளாம். நம் தோட்டத்துத் தூளை நாமே குடிக்க ஒரு நாய்க் கூட்டம் நடக்க வேண்டியிருக்கிறது. சரி, அது வேறு கதை. உறுப்பினர் அவர்கள் இன்னொரு கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று தலைவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது. ஐயா, கொஞ்சம் பொறுங்கள். நான் பேசப்போவதில் பாதி உங்களுக்குத்தான்.

தலைவர் என்னிடம் மூன்று விஷயம் பேசச் சொன்னார். விசர்நாய்க்கடி ஒன்று. வயதான, நோயாளி நாய்களைப் பார்த்துக்கொள்வது இரண்டு. சட்டம் மூன்று.

முதலாவதைப் பி.எச்.ஐ. ஐயா சொல்லிவிட்டார். செப்டெம்பர் 28, தடுப்பூசி கண்டுபிடித்த லூயி பாஸ்டர் 1895இல் இறந்த நாள். 2007இலிருந்து உலகம் முழுக்க இதை விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பு தினமாக வைத்திருக்கிறார்கள். நாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நம் பீலித் தண்ணியே போதும். அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. மஞ்சளும் சுண்ணாம்பும் மந்திரிப்பும் வேண்டாம். குருக்கள் ஐயாவே இதற்குத் தலையாட்டுகிறார், பாருங்கள். நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிறகு எந்த டொக்டராலும் காப்பாற்ற முடியாது. அவ்வளவுதான், இரண்டாவதுக்கு வருகிறேன்.

என் அப்பாயி எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லும். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம். பெரியவர்கள் அதற்கு ஆயிரம் தத்துவம் சொல்வார்கள். நம் தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நாய்க்கு நோய் வந்தால் டொக்டரைக் காணோம், டொக்டர் வந்தால் நாயைக் காணோம்! வருசத்துக்கு ஒரு முறை ஊசி போட வண்டி வருகிறது. அன்றைக்குப் பார்த்து எல்லா நாயும் தேயிலைக்குள் ஓடிப்போய்விடுகிறது. ஓட முடியாமல் வாசல் இஸ்தோப்பில் கிடப்பது கிழட்டு நாய் மட்டும்தான். ஊசி போட வந்தவர்கள் அதைப் பார்த்து, "இதுக்கு எதுக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கிழட்டு நாயை ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? சிமெந்துத் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் மயிர் போய், தோல் காய்ப்புப் பிடித்திருக்கும். மலைக்கு நடப்பதை நிறுத்தியதால் நகம் தேயாமல் வளர்ந்து, தண்ணி குடிக்க எழுந்து வரும்போது தரையில் 'டிக் டிக்' என்று கேட்கும். கண்மணியில் நீலம் பாய்ந்திருக்கும். ஏழு எட்டு வயதுக்கு மேல் பல நாய்க்கு அப்படி வரும். அந்த நீலத்தோடு ஓரளவு பார்வையும் இருக்கும். கண் வெள்ளையாகவே மூடிப்போவது வேறு, அது புரை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு டொக்டர் வேண்டும். நாமோ "குருடாப் போச்சு" என்று எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இதே நாய்தான் விடியற்காலையில் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களம் வரைக்கும் கூட வந்தது. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போன தாய்க்குப் பின்னாலேயே போய், கூடையும் படங்கும் வைத்த இடத்தில் மத்தியானம் வரை காவல் கிடந்தது. இப்போது பிள்ளைகள் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள். லயத்து வீட்டுக் காம்பராவில் மிஞ்சியிருப்பது ஒரு பென்ஷன் பாட்டியும் ஒரு கிழட்டு நாயும். யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்லியே ஆக வேண்டும். பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேல் டிவிசனில் ஒரு பாட்டி. பெயர் சொல்ல மாட்டேன், மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார், கையைத் தூக்க வேண்டாம் பாட்டி. அவர் வீட்டு நாய்க்குப் பெயர் டைகர். பெயர்தான் டைகர், லயத்துக்குப் பின்னால் சிறுத்தை சத்தம் கேட்டால் முதலில் அடுப்படிக்குள் புகுந்துகொள்வது அவன்தான். அந்த டைகர் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை. ரொட்டியைப் போட்டால் முகர்ந்து பார்க்கிறான், வாயில் எடுக்கிறான், கீழே போடுகிறான். வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. பக்கத்துக் காம்பராக்காரர்கள், "விசர் பிடிச்சிருச்சு, அடிச்சுப் போடுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டி விடவில்லை. டவுனுக்கு, மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

எப்படிக் கொண்டுபோவது? ஆட்டோக்காரத் தம்பி கேட்ட காசு, பாட்டியின் மாதச் செலவு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். பாட்டி என்ன செய்தார் தெரியுமா? டைகரைக் கம்பளியில் சுற்றினார். தலைக்கு ஒரு துவாயைக் கட்டினார். மூக்கு மட்டும் வெளியே. தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் கடைசி சீட்டில், சன்னல் பக்கம் உட்காரவைத்துவிட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்து தோளோடு அணைத்துக்கொண்டார். கண்டக்டர் வந்தார்.

"யாரு பாட்டி இது?"

"எங்க வூட்டுப் பெரியவருங்க. காச்சலு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டு டிக்கட்டு."

பாட்டி ஒரு பேச்சுப் பேசாமல் இரண்டு டிக்கட் எடுத்தார். நாய்க்கு டிக்கட் எடுத்த ஒரே ஆள் இந்தப் பகுதியில் அவராகத்தான் இருப்பார். பஸ் போகிறது. வளைவு, அடுத்த வளைவு. முன் சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று திரும்பிப் பார்க்கிறது, கம்பளிக்குக் கீழே ஒரு வால் தொங்குகிறது. பிள்ளை வாயைத் திறந்தது. பாட்டி உதட்டில் விரலை வைத்தார். நல்ல பிள்ளை, வாயை மூடிக்கொண்டது. சந்தியில் பஸ் நின்றதும் றோட்டில் கிடந்த நாயொன்று பஸ்ஸைப் பார்த்துக் குரைத்தது. டைகருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்பார்கள். அன்றைக்குப் பார்த்துக் கேட்டுவிட்டது. கம்பளிக்குள் இருந்து ஒரே ஒரு 'வள்'!

பஸ்ஸே அடங்கிப்போனது. கண்டக்டர் மெதுவாகப் பின்னால் வந்தார். கம்பளியைப் பார்த்தார், பாட்டியைப் பார்த்தார்.

"பாட்டி, பெரியவருக்கு இருமல் பலமா இருக்கே. சன்னலைச் சாத்துங்க."

அவ்வளவுதான் சொன்னார். இறக்கிவிடவில்லை. டிக்கட் காசையும் திருப்பித் தரவில்லை!

தருமர் கதை எல்லோருக்கும் தெரியும். தம்பிமாரும் திரௌபதையும் வழியில் விழுந்து, கடைசியில் கூட வந்தது நாய் மட்டும்தான். இந்திரன் தேரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஏறு, நாயை விட்டுவிடு என்றான். தருமர் ஏறவில்லை. என்னைக் கேட்டால் இந்திரனைவிட நம் கண்டக்டர் ஒரு படி மேல்.

சரி, டவுனில் என்ன நடந்தது? டொக்டர் இல்லை. மாட்டுக்குச் சினை ஊசி போட வேறொரு தோட்டத்துக்குப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு டொக்டர்; அவர் பார்க்க வேண்டிய மாடு எத்தனை, ஆடு எத்தனை, கோழி எத்தனை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம். பாட்டி வந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். மூன்றாம் நாள் அதே டொக்டர் நம் கீழ் டிவிசனுக்கு ஒரு பசுவைப் பார்க்க ஏறி வந்தார். பாட்டிக்கு யார் சொன்னார்களோ, பாதையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். டொக்டர் இறங்கி, அந்த இடத்திலேயே டைகரின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். பின் பல் ஒன்று அழுகி, வேர் வரைக்கும் சீழ். விசரும் இல்லை, ஒன்றும் இல்லை. மயக்க ஊசி, பல்லைப் பிடுங்கியது, மருந்து எல்லாம் மாட்டுக்கொட்டிலிலேயே முடிந்தது. மறுநாள் ரொட்டியைச் சம்பலில் தோய்த்துத் தின்றான் டைகர். பாட்டி, சம்பல் கொடுக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னாரா இல்லையா? வெங்காயம் நாய்க்கு ஆகாது.

நாயை நாம் கொண்டுபோனபோது டொக்டர் கிடைக்கவில்லை. டொக்டர் மலையேறி வந்த அன்றைக்கு நாய் பிழைத்தது. நான் கேட்பது அவ்வளவுதான்: வருசத்துக்கு ஒரு தரம் ஊசி வண்டி ஏறுகிற பாதையில், மாதத்துக்கு ஒரு தரம் ஒரு மிருக வைத்தியர் ஏற முடியாதா?

டொக்டர் இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது? பெனடோல் நடக்கிறது. நாய் நொண்டினால் பாதி பெனடோல், முனகினால் இன்னொரு பாதி. அளவு மீறினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கோ ஒரு வில்லையே எமன். அண்ணன்மார் முதுகு வலிக்குப் போடுகிற வில்லைகள் சில நாயின் குடலைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். வயதான நாய் வழக்கத்துக்கு மாறாகத் தண்ணி தண்ணி என்று குடித்தால் வெயில் என்று விடாதீர்கள்; நம் ஊரில் எங்கே வெயில்? அது சிறுநீரகமாக இருக்கலாம், சீனி வருத்தமாக இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்து, கொஞ்ச நாளைக்கு முன் பருவத்துக்கு வந்திருந்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அதற்கு ஆபரேஷன்தான் வழி, நாள் கடத்தினால் போய்விடும். முலையில் கட்டி தெரிந்தால் சின்னதாக இருக்கும்போதே காட்ட வேண்டும். பேராதனையில் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடமும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. ஆனால் இங்கிருந்து பேராதனைக்கு ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போய்வர ஒரு நாள் பேரும், அதாவது அன்றைய சம்பளமும் போகும், வாடகை வண்டிக்குக் கடனும் வரும்.

வீட்டில் செய்யக்கூடியதும் இருக்கிறது. சிமெந்தில் படுக்க விடாமல் நாலாக மடித்த சாக்குப் போடுங்கள், குளிருக்கு மூட்டு வலி கூடும். நகத்தை வெட்டுங்கள். ராத்திரியில் உள்ளே எடுங்கள், ஓட முடியாத நாய்தான் சிறுத்தைக்கு முதல் சாப்பாடு. அதற்காகச் சுருக்குக் கம்பி வைக்காதீர்கள். அதில் சிறுத்தையும் சாகும், உங்கள் நாயும் சாகும்.

இந்த நாட்டில் நாய்க்கு வசதி செய்து கொடுப்பது புதுசு இல்லை. 1848இல் நுவரெலியாவில் குடியேற வந்த சாமுவேல் பேக்கர் துரை, மரை வேட்டைக்கென்று இங்கிலாந்திலிருந்து கப்பலில் வேட்டை நாய்களைக் கொண்டுவந்தார். நாய்க்குக் கப்பலில் இடம் இருந்தது. நம் பாட்டன் பூட்டன் இந்தியாவிலிருந்து வந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரைக்கும் காட்டுவழி நடந்தார்கள். இப்போதைய துரையைச் சொல்லவில்லை, அவர் நல்லவர், சிரிக்கிறார். துரை நாய்க்குக் கிடைத்ததில் கொஞ்சம் லயத்து நாய்க்கும் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, கசப்பானது. எல்லா நோய்க்கும் மருந்து இல்லை. அப்போது நம் லயங்களில் என்ன செய்கிறார்கள்? யாருக்காவது ஒரு போத்தல் வாங்கிக் கொடுக்கிறார்கள், அவர் சாக்கோடு பின் மலைக்குப் போகிறார். இல்லாவிட்டால் லொறியில் ஏற்றி டவுன் சந்தையில் இறக்கிவிட்டு வருகிறார்கள். 7 பேர்ச்சஸ் காணியில் புது வீடு கிடைத்துப் போனவர்கள் சிலர் பழைய லயத்து வாசலிலேயே நாயை விட்டுப் போனதும் உண்டு. இதை மேடையில் பேச வேண்டாம் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். பேசாவிட்டால் நடக்காதா? டொக்டர் முதலில் தூங்க ஊசி போடுவார், பிறகு இன்னொன்று. சில நிமிடத்தில் முடியும். வளர்த்தவர் தலையில் கை வைத்திருக்கலாம். சாக்குக்குள் அது நடக்காது.

மூன்றாவது விஷயம் சட்டம். 1907இல் வந்த மிருகவதைத் தடைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதில் போட்ட தண்டம் 100 ரூபாய். இன்றைக்கு 100 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று கடைக்காரத் தம்பி சொல்லட்டும். இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஆனால் தலைவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார், உறுப்பினர் அவர்கள் சால்வையைச் சரிசெய்கிறார். இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம்.

உறுப்பினர் ஐயா, போவதற்கு முன் ஒரு நிமிடம். மாதத்துக்கு ஒரு நாள், சம்பளம் போடுகிற வாரத்தில், மேல் டிவிசனில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் மூன்று மணித்தியாலம் ஒரு மிருக வைத்தியர். மாட்டையும் பார்க்கட்டும், ஆட்டையும் பார்க்கட்டும், நாயையும் பார்க்கட்டும். டொக்டரை ஏற்றி இறக்கத் தோட்டத்து லொறியைத் தரும்படி துரை அவர்களைக் கேட்கிறோம். மருந்துச் செலவுக்கு வீட்டுக்கு ஒரு சின்னச் சந்தா, அதை மாதர் சங்கம் சேர்த்துக்கொள்ளும். மூன்று சங்கத் தலைவர்மாரும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும், தனித்தனி மனு வேண்டாம். மனுவைச் சிங்களத்திலும் தமிழிலும் அதிபர் எழுதித் தந்துவிட்டார், வாசலில் மேசையில் இருக்கிறது. முதல் பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். ஐயா அந்த வழியாகத்தான் போக வேண்டும், பேனையும் அங்கேதான் இருக்கிறது.