152184-ஐப் பிரித்துப் பார்ப்போம்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம்.

நவம்பர் 16 வந்தால் நம் மேடைகளில் ஒரு எண் தவறாமல் ஒலிக்கும்: 152184. 1860-இல் அதே நாளில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்தது முதல் 1911 வரை, இந்த நேட்டால் பகுதியில் இறங்கிய இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் அத்தனை பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டார்கள். பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலுகா, உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் பதிவேட்டில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் ஏறின.

சொல்லிச் சொல்லி இந்த எண் நமக்கு வெறும் சத்தமாகிவிட்டது. ஒரு தடவை கையால் வகுத்துப் பார்த்த பிள்ளை அதை மறக்காது என்பது என் நம்பிக்கை. அதனால் இன்றைக்கு இதைப் பகா எண்களாகப் பிரிப்போம்.

கடைசி மூன்று இலக்கம் 184. அது எட்டால் வகுபடும். ஆயிரமும் எட்டால் வகுபடுவதால், முன்னால் நிற்கும் 152-ஐப் பார்க்கவே வேண்டாம். இலக்கங்களைக் கூட்டினால் 21, ஆகவே மூன்றாலும் வகுபடும். 24-ஆல் வகுத்தால் வருவது 6341.

பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைப்பது இங்கேதான். 7, 11, 13 எதுவும் மீதியில்லாமல் போகவில்லை. பகா எண்தான் என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள், 17 இருக்கிறது. கடைசி இலக்கத்தை ஐந்தால் பெருக்கி, முன்னால் உள்ளதிலிருந்து கழியுங்கள். 634-இல் 5 போனால் 629. மறுபடியும் செய்யுங்கள்: 62-இல் 45 போனால் 17. வகுபட்டுவிட்டது!

இது மந்திரம் இல்லை. 6341-இல் 51-ஐக் கழித்தால் 6290. 51 என்பது மூன்று பதினேழு. அதைக் கழிப்பதால் 17-ஆல் வகுபடுவது மாறாது. 10-க்கும் 17-க்கும் பொதுக் காரணி இல்லாததால் கடைசிச் சுழியத்தையும் தள்ளிவிடலாம். மிஞ்சுவது 629. அவ்வளவுதான்.

ஆக, 152184 = 2 × 2 × 2 × 3 × 17 × 373. மொத்தம் 32 வகுத்திகள்.

எனக்கு மிகவும் பிடித்தது 373. வலமிருந்து ஒவ்வொரு இலக்கமாக எடுங்கள்: 37, 3. இடமிருந்து எடுங்கள்: 73, 3. எல்லாமே பகா எண்கள். இரண்டு பக்கமும் இப்படி நிற்கும் எண்கள் உலகத்திலேயே 15தான். அவற்றில் மிகப் பெரியது 739397.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் எண் ஜோசியம் எதுவும் இல்லை. நம் முன்னோர் பட்ட பாட்டுக்கும் 373-க்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

வீட்டில் தாத்தாவின் தாத்தாவுக்கோ ஆயாவின் ஆயாவுக்கோ போட்ட பதிவெண் இருந்தால் எடுத்து வாருங்கள். அது 152184-க்குள்தான் இருக்கும். அது பகா எண்ணா என்று அறிய 389 வரையுள்ள 77 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பகா எண் கிடைத்தவர்கள் அடுத்த வகுப்பில் கரும்பலகையில் எழுதுங்கள்.