வெள்ளி இரவே முடிகிற இடுபணி

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டு இந்தத் தஞ்சோங் மாலிம் கோயில் மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியவர்களே, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பின்வரிசையை நிரப்பியிருக்கும் மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

"பல்கலைக்கழகப் படிப்புக்கு இரவு இசை நிகழ்ச்சிகள் தடையா, இல்லையா?" என்பது இன்றைய தலைப்பு. தடையே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், நேரம் பாழாகிறது, உறக்கம் கெடுகிறது, கடன் வாங்கிய பணம் கரைகிறது என்று அடுக்கிவிட்டு அமர்ந்தார். தடையில்லை என்பது எங்கள் அணியின் நிலை. நான் இன்னும் ஒரு படி மேலே போகிறேன்: நாள் குறித்த கச்சேரி, விரிவுரைஞர் எழுதித் தரச் சொல்லும் இடுபணியை முன்கூட்டியே முடிக்க வைக்கிறது.

நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். மலேசியத் தகுதி முகமையின் அளவுகோலில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 40 மணி நேரம். விரிவுரையில் அமர்வது, நூலகத்தில் தேடுவது, இடுபணி எழுதுவது, தேர்வுக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு பருவத்தில் 15 கிரெடிட் எடுப்பவருக்கு 600 மணி நேரம் ஆகிறது. 14 வார விரிவுரையோடு மீள்பார்வை வாரமும் தேர்வு வாரங்களும் சேர்த்து 17 வாரங்களுக்கு அதைப் பங்கிட்டால், வாரத்துக்கு ஏறத்தாழ 35 மணி நேரம். வாரத்தில் இருப்பதோ 168. நாள்தோறும் எட்டு மணி நேரம் தூங்கினாலும் 77 மணி நேரம் மிஞ்சுகிறது. மாதத்துக்கு ஒருமுறை கோலாலம்பூர் போய் வரும் இரவு அதில் ஒன்பது, பத்து மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மீதி எங்கே போகிறது? மாமாக் எனும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் ஒரு தே தாரேக்கை, அதாவது ஆற்றிய பால் தேநீரை, முன்னால் வைத்துக்கொண்டு பேசிய பேச்சிலும், கட்டிலில் படுத்தபடி கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்ததிலும் போகிறது. அவற்றுக்குத் தொடக்க நேரமும் கிடையாது, முடிவு நேரமும் கிடையாது. எனவே அவற்றின் மேல் யாரும் குற்றம் சாட்டுவதில்லை.

இதற்குச் சாட்சியாக ஒரு வரலாற்றுப் பேராசிரியரை அழைக்கிறேன். சிரில் நார்த்கோட் பார்கின்சன் 1950 முதல் 1958 வரை, அப்போது சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறதோ அவ்வளவு நேரத்துக்கும் அந்த வேலை நீண்டுகொள்ளும் என்று 1955-இல் 'எகனாமிஸ்ட்' இதழில் எழுதினார். வேறு வேலையில்லாத ஒரு மூதாட்டி, உறவுக்காரப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதி அனுப்புவதிலேயே முழுநாளையும் கழித்துவிடுவார் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு: அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக்கண்ணாடியைத் தேட இன்னொரு மணி நேரம். அவர் கேலியாகத்தான் எழுதினார். நம் விடுதி அறைகளில் 2,000 சொல் இடுபணி எழுதப்படும் அழகைப் பார்த்தவர்களுக்கு அது கேலியாகவே தோன்றாது. ஒப்படைக்கும் நேரம் ஞாயிறு இரவு 11.59 என்றால், 11.50-க்கு இன்னும் மேற்கோள் பட்டியல் அரைகுறையாகக் கிடக்கும். பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் 'டர்னிட்டின்' மென்பொருள், ஒப்புமை விழுக்காட்டைக் காட்டுவதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். அந்த வார இறுதியில் அந்த மாணவர் எந்தக் கச்சேரிக்கும் போகவில்லை என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, சனிக்கிழமை இரவு கோலாலம்பூரின் புக்கிட் ஜாலிலில் நடக்கும் நிகழ்ச்சிக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கிவிட்ட மாணவியைப் பாருங்கள். இங்கே கொமுட்டர் ரயில் ஏறி, பேங்க் நெகாராவில் இறங்கி, பண்டாராயாவுக்கு நடந்து, ஸ்ரீ பெட்டாலிங் தடத்து எல்.ஆர்.டி. நகர ரயிலைப் பிடிக்க வேண்டும்; நிகழ்ச்சி முடிந்து ஊர் திரும்ப ரயில் கிடைக்குமோ கிடைக்காதோ என்று செராஸில் இருக்கும் சின்னம்மாவிடம் இரவு தங்குவதற்கும் சொல்லி வைக்க வேண்டும். இத்தனையும் ஏற்பாடு செய்தவள், ஞாயிறு 11.59-ஐ நம்பி உட்கார்ந்திருக்க மாட்டாள். அவளுக்குக் காலக்கெடு வெள்ளி இரவு. விரிவுரைஞரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்கலாம், மேடையேறும் பாடகரிடம் கேட்க முடியுமா? வெள்ளியன்று முடித்த கட்டுரையை ஞாயிறு மாலை ஆற அமரப் படிக்கும்போது, எழுதுகையில் புலப்படாத ஓட்டைகள் புலப்படுகின்றன. அவற்றை அடைக்க நேரமும் இருக்கிறது.

ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிவிட்டு இன்று முன்வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ரப்பர் பால் குளிர்ந்த விடியற்காலையில்தான் நன்றாக ஓடும்; வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சேர்ந்த பாலை, அது உறைவதற்கு முன்பே எடுத்துச் சேர்க்க வேண்டும். அந்தக் கெடுவை நீட்டித் தரும்படி கணக்கு எழுதும் எந்தக் கிராணியிடமும் போய் நிற்க முடியாது. அதே மக்கள்தாம் திருவிழாவில் விடிய விடிய நாடகம் பார்த்தார்கள், உருமி மேளத்தோடு ஊர்வலம் போனார்கள், விடிந்தால் வேலையாட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் நின்றார்கள். தூங்கி வழிந்து, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கியவர்களும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் பால் வெட்டுவதா, மேளம் கேட்பதா, இரண்டில் ஒன்றுதான் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தால், இன்றைக்கு நாடெங்கும் தைப்பூசத்தில் கேட்கும் உருமி, தோட்டத்துக் கோயிலோடு அடங்கிப் போயிருக்கும்.

எதிரணி சொன்னவற்றில் கனமானது உறக்கம் பற்றிய வாதம். கற்றது மனத்தில் பதிவதற்கு உறக்கம் துணை செய்கிறது என்பது ஆய்வுகள் காட்டிய உண்மை. ஆகவே மறுநாள் காலை எட்டு மணிக்கு விரிவுரை இருக்கும் இரவுக்கு டிக்கெட் வாங்குவது அறிவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இடுபணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கடைசி வாரங்களுக்கும் அது பொருந்தும். குழு இடுபணியில் தன் பங்கைத் தராமல் கச்சேரிக்குப் போய்க் கைப்பேசியை அணைத்துக்கொள்பவருக்காகவும் நாங்கள் வாதாட வரவில்லை. ஆயினும் மாதத்தில் கச்சேரியால் கெட்டது ஓர் இரவு. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக் கண்விழித்த இரவுகளையும் எதிரணி எண்ணிச் சொல்லட்டும்.

பணத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. உயர்கல்விக்கு அரசு தரும் பி.டி.பி.டி.என். கடனில் மேடைக்கு அருகே இருக்கை வாங்குவதை நானும் ஏற்க மாட்டேன். கடைசி வரிசையிலும் பாட்டுக் கேட்கும். பல்கலைக்கழகக் கலை இரவுகள் இருக்கின்றன. திருவிழாவில் உருமி மேளம் கேட்பதற்கு எவரும் டிக்கெட் கிழிப்பதில்லை.

நடுவர் அவர்களே, எதிரணியிடம் எனக்குக் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. கச்சேரிக்கும் போகாமல், வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று இரவுகளையும் தன் கையில் வைத்திருந்த அந்த மாணவர், ஞாயிறு 11.50 வரை என்ன செய்துகொண்டிருந்தார்? அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் அதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும்.