இருபத்து நான்கு மறுப்புகள்

நண்பர்களே, மதநல்லிணக்க மேடைகளில் நானும் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று ஒவ்வொருவராக எழுந்து பேசுவோம், சால்வை போர்த்திக்கொள்வோம், கலைந்துவிடுவோம். யாரும் யாரையும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டோம்.

கேள்வி கேட்டே நட்பு வளர்த்த இருவரின் கதை இது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில், கலிலேயக் கடலோரத்துத் திபேரியாவில் யூத மறைநூல் கற்பித்தவர் ரபி, அதாவது யூத மத ஆசான், யோகனான். அவருடைய தோழர் ரேஷ் லாகிஷ், முன்னாள் கொள்ளைக்காரர். தம் சகோதரியைக் கட்டிக்கொடுத்து, அவரை அறிஞராக்கியவரே யோகனான்தான்.

ரேஷ் லாகிஷ் இறந்தபின் யோகனான் இடிந்துபோனார். தேற்றுவதற்கு எலெயாசர் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்பினார்கள். யோகனான் எதைச் சொன்னாலும், அதற்கு ஆதரவாக ஒரு பழைய போதனை இருக்கிறது என்றார் இவர். யோகனானுக்குப் பொறுக்கவில்லை. நான் ஒன்று சொன்னால் ரேஷ் லாகிஷ் 24 மறுப்பு சொல்வான். நான் 24 பதில் சொல்வேன். விஷயம் தானாகத் துலங்கும். நான் சொல்வது சரி என்பது எனக்கே தெரியாதா? இப்படிக் கேட்டதாக, ரபிகளின் வாதங்களைத் தொகுத்த பாபிலோனியத் தால்முத் என்ற யூத நூல் சொல்கிறது. நம் மேடைகளில் அமர்வது எல்லாம் எலெயாசர்கள்தான், என்னையும் சேர்த்து.

எபிரேய மறையின் எரேமியா நூலில் வரும் சம்மட்டி பாறையைச் சில்லு சில்லாக உடைப்பதுபோல ஒரே வசனம் பல பொருளாகப் பிரியும் என்பது ரபிகளின் விளக்கம். ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு யூத ஆசான்களின் வழியினர் சட்டம் யார் சொல்படி என்று மூன்று ஆண்டு வாதாடினார்கள். இதுவும் அதுவும் உயிருள்ள கடவுளின் வார்த்தையே என்று வானிலிருந்து ஒரு குரல் வந்ததாம். ஆனாலும் சட்டம் ஹில்லேல் வழிப்படி என்றது அந்தக் குரல். காரணம்தான் அழகு: அவர்கள் எதிர்த்தரப்பின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்கள் கருத்தைக் கற்பித்தார்கள்.

இது ஒரே மதத்துக்குள் நடந்த வாதம். 1990களில் யூதரான பீட்டர் ஓக்ஸும் கிறிஸ்தவர்களான டேவிட் ஃபோர்டும் டேனியல் ஹார்டியும் இதையொட்டிய ஒரு வாசிப்பு முறையைத் தொடங்கினார்கள். முஸ்லிம் அறிஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். சிறு குழு, நடுவில் எபிரேய மறை, புதிய ஏற்பாடு, குர்ஆன் பகுதிகள். முடிவில் உடன்பட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

யோகனான், ரேஷ் லாகிஷ் நட்பு முறிந்த கதையையும் சொல்ல வேண்டும். வாளும் கத்தியும் எப்போது முழுக் கருவியாகி, தீட்டுக்கு உரியவை ஆகின்றன என்று ஒருநாள் வாதம். உலையில் சுட்டதும் என்றார் யோகனான்; தண்ணீரில் தோய்த்த பிறகு என்றார் ரேஷ் லாகிஷ். கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியும் என்று யோகனான் குத்தினார். வாதத்தை விட்டு ஆளைப் பிடித்த இடம் அது. அந்த மனக்கசப்போடு நோயில் விழுந்த ரேஷ் லாகிஷ் எழவேயில்லை. யோகனான் ஆடையைக் கிழித்துக்கொண்டு, லாகிஷின் மகனே என்று ரேஷ் லாகிஷை விளித்து, எங்கே இருக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்று கதறிக்கொண்டு அலைந்தார்.