ஹன்னா ஸ்மித்தின் பெட்டிக்குள் இருந்த சீட்டு

வணக்கம். பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிறார்கள், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வெள்ளைச் சாட்டின் துணியைக் கிட்டத்தில் காட்டுகிறேன். மூன்று நாளாக இதில் ஒரே ஒரு கையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை மூன்று விரல். அதில் ஒன்று பச்சை மிளகாய் போல இருக்கிறது. பிரித்துத் தைக்கலாம் என்றால் சாட்டினில் ஊசி இறங்கிய துளை மூடுவதே இல்லை. இதோ, வரிசையாகப் புள்ளிகள் தெரிகின்றன பாருங்கள்.

இந்த வேலையை ஒரு சிறுமி முடித்திருக்கிறாள். பெயர் ஹன்னா ஸ்மித், இங்கிலாந்துப் பெண். 1654-இல் ஆக்ஸ்போர்டுக்குப் போனபோது அவளுக்கு ஏறக்குறைய 12 வயது. அங்கே அவள் பட்டு நூலால் தைத்த துண்டுகளை லண்டனில் மரப்பெட்டியின் மேல் ஒட்டிக் கொடுத்தார்கள். இப்போது அந்தப் பெட்டி மான்செஸ்டரில் விட்வொர்த் கலைக்கூடத்தில் இருக்கிறது.

பெட்டியின் முன்கதவுகளில் பைபிள் காட்சிகள். ஒன்றில் இஸ்ரவேலின் நியாயாதிபதியான தெபொராளும் படைத்தலைவன் பாராக்கும். இன்னொன்றில் யாகேல். கதை தெரியும்தானே? போரில் தோற்று ஓடிவந்த சேனாபதி சிசெரா தண்ணீர் கேட்கிறான், அவள் பால் கொடுக்கிறாள். அவன் அயர்ந்து தூங்கியதும் கூடார ஆணியை நெற்றியில் வைத்துச் சுத்தியால் அடித்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ரோஜாப்பூ கொடுத்திருக்கலாம், கொடுத்தது இதை!

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர் முடிந்து, வென்ற நாடாளுமன்றப் படையின் தளபதி கிராம்வெல் ஆட்சி நடக்கிறது. 1640-களில் உருவ வழிபாடு என்று சொல்லித் தேவாலயச் சிலைகளையும் வண்ணக் கண்ணாடிகளையும் உடைத்துத் தள்ளியிருந்தார்கள். ஆனால் வீட்டுக்குள் பழைய ஏற்பாட்டுப் பெண்கள் ஊசி வழியாகத் தாராளமாக வந்தார்கள். எஸ்தர், ரெபெக்காள், யூதித்து எல்லோரும் பெரும்பாலும் அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் உடையில்தான் இருப்பார்கள்.

படத்தைப் பிள்ளைகளே வரைவதில்லை. தொழில்முறைக் கலைஞர்கள் அச்சுப் படங்களைப் பார்த்துச் சாட்டினில் கோடு போட்டுத் தருவார்கள். புடைப்பு வேண்டிய இடத்தில் உள்ளே பஞ்சோ கம்பளியோ அடைத்து, மேலே காஜாத் தையல் போல நூலோடு நூல் கோத்துக்கொண்டே போவார்கள். அதனால் உடையின் மடிப்பு துணியைவிட்டு எழுந்து நிற்கும்.

ஆனால் என்னை நிறுத்தியது தையல் இல்லை, பெட்டியோடு கிடைத்த ஒரு சீட்டு. 1657-இல் ஹன்னா எழுதியது, எழுத்துப் பிழைகள் நிறைய. எந்த வருடம் ஆக்ஸ்போர்டுக்குப் போனேன், எப்போது திரும்பினேன், பெட்டி எப்போது முடிந்தது என்று வரிசையாகச் சொல்கிறாள். பிற்காலத்தில் மறந்துபோனால் இதைப் பார்த்துக்கொள்வேன், யாராவது விசாரித்தாலும் உதவும் என்கிறாள். பெட்டி முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

இது பள்ளியில் நான் தைத்த கைக்குட்டை. ஓரத்தில் மயில், அதற்கு ஒரு கால்தான். எந்த வகுப்பில் தைத்தேன் என்று நேற்று அம்மாவிடம் கேட்டேன். ஆறாவது என்றார், பிறகு எட்டாவது என்றார்.