ஆணியில் மாட்டிய பை

அவையோருக்கு வணக்கம். எதிர்பாராத சூழல்களுக்கு மனத்தை முன்கூட்டியே தயார் செய்வது பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். எதிர்பாராதது என்று பெயரையும் வைத்துவிட்டு, அதற்குத் தயாராக இரு என்றும் சொல்வது முதலில் எனக்குக் கேலியாகவே பட்டது. ஆனால் யோசிக்க யோசிக்க, நாம் எதிர்பாராதவை என்று ஒதுக்கும் பலவும் உண்மையில் பலருக்கு ஏற்கெனவே நேர்ந்தவை, நாம்தான் வாயால் அவற்றைப் பேச மறுத்துவந்திருக்கிறோம் என்று தோன்றியது. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமெலுவே என்றொரு தீவு இருக்கிறது. 1907-ஆம் ஆண்டில் அங்கே நிலம் நடுங்கி, கடல் எழுந்து வந்து ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்படி வரும் கடலுக்கு அந்தத் தீவு மக்கள் ‘ஸ்மோங்’ என்று சொல்வார்கள். நிலம் பலமாக ஆடி, அதன்பின் கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓடு. அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதையின் சாரம் இவ்வளவுதான். பாட்டிகள் அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டிலும் பாடினார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நிலநடுக்கம் வந்தபோது அந்தத் தீவு அதன் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அலை வந்து சேரச் சுமார் பத்து நிமிடம்தான் இருந்தது. எச்சரிக்கச் சங்கும் இல்லை, கருவியும் இல்லை. ‘ஸ்மோங், ஸ்மோங்’ என்ற குரல் மட்டும் தெருத்தெருவாகப் பரவ, ஊர் மொத்தமும் மேடேறிவிட்டது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் 7 பேர்.

அதே அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இருந்தும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். இலங்கையிலும் நம் பக்கத்திலும் சில இடங்களில், முதல் அலை திரும்பியதும் உள்வாங்கிய கடலை வேடிக்கை பார்க்க இறங்கிப் போனவர்களும் மாண்டவர்களில் உண்டு. இதற்குக் கரையோர மக்களைக் குறை சொல்வது அநியாயம், அவர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. சுனாமி என்ற சொல்லையே நம்மில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம். இத்தனைக்கும் தமிழில் ‘கடல்கோள்’ என்ற சொல் எத்தனையோ நூற்றாண்டுகளாக இருக்கிறது! பள்ளியில் நானும் படித்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் நமக்கு அது பழம்பெருமை பேசும் பாடத்தில் வரும் சொல். கடல் பின்வாங்கினால் ஓடு என்று அது எந்தக் குழந்தையிடமும் சொன்னதில்லை. ஒரு செய்தியைத் தெரிந்து வைத்திருப்பதற்கும் அதற்குத் தயாராக இருப்பதற்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மனத் தயாரிப்பு என்றால் நெஞ்சுரம் என்று நினைத்துக்கொள்கிறோம். நெஞ்சுரம் நல்லதுதான், ஆனால் நெருக்கடி வரும் நேரத்தில் அதைத் தேடிப் பிடிக்க முடியாது. அந்த நேரத்தில் யோசிக்கவும் முடியாது. ஆகவே யோசிக்க வேண்டியதை முன்பே யோசித்து முடித்து, முதலில் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தையாவது தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். 1969-இல் மனிதனை நிலவில் இறக்கியவர்கள் இதை அனுபவித்தே கற்றார்கள். அப்பல்லோ 11 கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன் நடந்த ஒத்திகை ஒன்றில், பயிற்சியாளர்கள் வேண்டுமென்றே கணினியில் ஓர் எச்சரிக்கை எண்ணை எழுப்பினார்கள். அதன் பொருள் புரியாத ஸ்டீவ் பேல்ஸ் என்ற 26 வயதுப் பொறியாளர் தரையிறங்குவதைக் கைவிடச் சொல்லிவிட்டார். அது தேவையற்ற முடிவு என்று ஒத்திகைக்குப் பின் சுட்டிக்காட்டப்பட்டது. உடனே, அப்படிப்பட்ட எல்லா எச்சரிக்கை எண்களையும் ஆராய்ந்து, எதற்கு என்ன செய்வது என்று எழுதி வைக்கும்படி தலைமை இயக்குநர் ஜீன் கிரான்ஸ் உத்தரவிட்டார். பேல்ஸுக்குத் துணையாக இருந்த 24 வயதுப் பொறியாளர் ஜாக் கார்மன் அந்தப் பட்டியலைத் தம் கைப்படவே எழுதி மேசையில் வைத்துக்கொண்டார். ஜூலை 20 அன்று, நிலவின் தரை நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், 1202 என்ற எண் நிஜமாகவே எழுந்தது. கணினிக்கு வேலைப்பளு கூடிவிட்டது, தொடர்ந்து திரும்பத் திரும்ப வராதவரை இறங்கலாம் என்பது கார்மனின் தாளில் இருந்தது. சில நொடிகளில் ‘தொடரலாம்’ என்று பேல்ஸ் சொன்னார். ஒத்திகையில் தோற்றவரும் அவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

நம் வீடுகளில் இத்தகைய ஒத்திகைக்கு வழியே இல்லை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, காப்பீட்டுப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டுப் பார்க்கட்டும்; ‘நல்ல நாளும் அதுவுமாய் வாயில் நல்ல வார்த்தையே வராதா’ என்று நான்கு பேர் பாய்வார்கள். அபசகுனமாகப் பேசினால் நடந்துவிடும் என்ற பயம் படித்தவர்களையும் விடுவதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அதே ஆட்கள் இரவெல்லாம் விழித்து மனத்துக்குள் கவலைப்படத் தயங்குவதில்லை. கவலைக்கு முடிவு கிடையாது. ஒரு தாளை எடுத்து எழுதி வைத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது, தூக்கம் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், இரவு இரண்டு மணிக்கு, என் தந்தைக்கு நெஞ்சு வலி வந்தது. மேடைகளில் இவ்வளவு பேசும் நான், கையில் பிடித்திருந்த கைப்பேசியையே அறை முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன். என் தாயார் 108-க்கு அழைக்கச் சொல்லிவிட்டு, சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்தார். பழைய மருந்துச் சீட்டுகள், சென்ற ஆண்டின் இ.சி.ஜி. தாள், காப்பீட்டு அட்டையின் நகல், ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு டம்ளர், மடித்து ரப்பர் பேண்ட் போட்ட ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் நான்கு, உறவினர்களின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிய ஓர் அட்டை ஆகியவை அதில் இருந்தன. தம்பியை, அதாவது என் மாமாவை, இதே போன்ற ஓர் இரவில் பறிகொடுத்த பிறகு அந்தப் பையைக் கட்டி வைத்தாராம். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். ‘சொன்னால் அச்சானியம் என்று எடுத்துப் போட்டுவிடுவீர்கள்’ என்றார். ஒன்று சொல்ல வேண்டும்: வண்டியில் போகும்போது அவர் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது, நடுங்கிய கையிலேயே மருத்துவர் கேட்ட ஒவ்வொரு தாளையும் எடுத்து நீட்டினார்.

ஐந்தாம் நாள் அப்பா வீடு திரும்பினார். அன்று மாலையே அம்மா பழைய இ.சி.ஜி. தாளோடு புதியதையும் சேர்த்து, செலவான இரண்டு தாள்களுக்குப் பதில் வேறு இரண்டை வைத்து, துவைத்த துண்டை மடித்துப் போட்டு, பையை மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார். இந்த முறை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பார்க்கச் சொல்லி மாட்டினார்.