வராத நாளையும் எழுதுங்கள்

பெரியவர்களுக்கும் அக்கா அண்ணன்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். கோயில் மண்டபத்தில் பறவையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள், ரொம்ப சந்தோஷம்.

டர்பனில் இருக்கிற நமக்கு உம்கெனி ஆற்று முகம் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமை ப்ளூ லகூனில் காரை நிறுத்திச் சாப்பாட்டைப் பிரித்தால் உடனே சுற்றி வந்து நிற்குமே, அது சாம்பல்தலைக் கடற்காகம். அது நம் ஊர்ப் பறவை. நான் சொல்ல வந்தது ஒரு விருந்தாளியைப் பற்றி.

அதன் பெயர் ஃபிராங்க்ளின் கடற்காகம். வட அமெரிக்கப் புல்வெளிகளின் சதுப்பில் கூடு கட்டும், குளிர்காலத்துக்குப் பெரு, சிலி கரைகளுக்குப் போகும். எப்போதாவது ஒன்று வழி தவறித் தென்னாப்பிரிக்கக் கரைக்கு வந்துவிடும். ஒரு டிசம்பரில் நீர் வற்றிய மணல்திட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். முதுகு அடர்ந்த சாம்பல், பின்தலையில் மட்டும் கருப்பு. கண்ணுக்கு மேலும் கீழும் விபூதிக் கீற்று இட்டது போல வெள்ளை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச்சில் ஒரு நண்பர், தலை முழுக்கக் கருப்பான ஒன்றைப் பார்த்ததாகச் சொன்னார். அப்போ இரண்டு பறவையா? பெரும்பாலான கடற்காகங்கள் வருடத்துக்கு ஒருமுறைதான் இறகு முழுவதையும் மாற்றும். இது இரண்டு முறை மாற்றும். அதனால் ஒரே பறவையே மூன்று மாதத்தில் வேறு முகத்தோடு நிற்கலாம். ஆனால் அதைக் காட்ட இடைப்பட்ட வாரங்களின் பதிவு வேண்டும். என் நோட்டில் அந்த வாரங்கள் வெறுமை. நான் போகாமல் இல்லை. பறவை இல்லை, அதனால் எழுதவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற டீச்சர் அக்கா ஒருவர் உண்டு. அவர் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்: தேதி, வந்த நேரம், போன நேரம், நீர் ஏறியதா வற்றியதா, 'இன்று வரவில்லை' என்பது வரை. பார்த்த நாட்களின் படங்களை வரிசையாக வைத்தோம். கருப்பு பின்தலையிலிருந்து நெற்றிக்கு மெல்ல மெல்ல வருவது தெரிந்தது. அப்புறம் வராத நாட்களைப் பார்த்தோம். அநேகமாக எல்லாமே நீர் ஏறி மணல்திட்டு மூழ்கிய நாட்கள்! பறவை ஊரை விட்டுப் போகவில்லை, நாங்கள்தான் தப்பான நேரத்துக்குப் போயிருக்கிறோம். அந்த நோட்டைப் பார்த்த பிறகு எனக்கு என் நோட்டைத் திறக்கவே வெட்கமாக இருந்தது.

2007இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டமும் இதே வழியில்தான் நடக்கிறது. நாட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் குறைந்தது 2 மணி நேரம் தேடி, கண்ட பறவை, குரல் கேட்ட பறவை எல்லாவற்றையும் பட்டியலிட வேண்டும். நூறு பட்டியலில் எத்தனையில் ஒரு பறவை இருக்கிறது என்று பார்ப்பார்கள். அது இல்லாத பட்டியலும் அந்தக் கணக்கில் சேரும்.

சரி, வருகிற சனிக்கிழமை காலை நீர் வற்றுகிற நேரத்துக்கு ஆற்று முகத்தில் இருப்போம். டெலஸ்கோப் ஒன்றுதான் இருக்கிறது, பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும். நோட்டும் பென்சிலும் அவரவர் கொண்டு வாருங்கள்.