வண்டு பொய் சொல்லாது

எல்லோருக்கும் வணக்கம்.

படம் முடிந்து டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் என் காதில் விழுந்தது ஒரே கேள்விதான். "நீயா இருந்தா பட்டனை அழுத்தியிருப்பியா?" டிரோன் என்கிற ஆளில்லா விமானத்திலிருந்து ஏவுகணையை விடுகிற பட்டன் அது. ஒரு பக்கம் ரொட்டி விற்கிற சிறுமி, இன்னொரு பக்கம் உடம்பில் வெடிகுண்டு கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்பவர்கள். நாம் இப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றுதான் கேவின் ஹூட் 2015இல் நாம் இப்போது பார்த்த 'ஐ இன் தி ஸ்கை' படத்தை எடுத்தார். நல்ல படம். ஆனால் அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை.

சண்டைக்கு முன்னால் படத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். சாக வேண்டியவர்கள் நைரோபியில் ஒரு வீட்டுக்குள் இருக்கிறார்கள். உத்தரவு போடும் கர்னல் இங்கிலாந்தில். விசையை அழுத்தும் பைலட் நெவாடா பாலைவனத்தில். முகத்தைச் சரிபார்க்கும் பெண் ஹவாயில். அனுமதி தர வேண்டிய பிரிட்டிஷ் அமைச்சர் சிங்கப்பூரில் வயிறு கெட்டுப்போய்க் கழிவறையில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்க அமைச்சர் பெய்ஜிங்கில் டேபிள் டென்னிஸ் ஆடுகிறார். நாம் சிரித்தோம். கோப்பு மேலே போகிறது, மேலே இருப்பவர் அதற்கும் மேலே அனுப்புகிறார். எந்தத் தாலுகா ஆபீஸிலும் நாம் பார்த்துப் பழகிய காட்சிதானே!

படத்தில் என்னை அதிகம் உலுக்கிய இடம் ஏவுகணை விழும் இடமல்ல. ஹெலன் மிர்ரன் நடித்த அந்தக் கர்னல், சேதக் கணக்குப் போடும் சார்ஜெண்டின் பக்கத்தில் போய் நிற்கிறாரே, அது. இந்த இடத்தில் குண்டு விழுந்தால் சிறுமி சாக எத்தனை சதவீத வாய்ப்பு? அவருக்கு 50க்குக் கீழே ஓர் எண் வேண்டும். விழும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார் என்கிறார். கடைசியில் 45 என்று மேலே சொல்கிறார்கள். வீட்டு பட்ஜெட்டில் வரவும் செலவும் இடிக்கும்போது நாமும் எதையோ நகர்த்தித்தான் சரிக்கட்டுகிறோம். இங்கே நகர்த்தப்படுவது ஒரு குழந்தை.

சரி, இப்போது சண்டை. வண்டைப் பற்றி.

பர்காத் அப்தி நடித்த உளவாளி, வண்டு மாதிரி ஒரு குட்டி டிரோனை அந்த வீட்டுக்குள் பறக்கவிடுகிறார். அது உத்தரத்தில் போய் உட்கார்ந்து, வெடிமருந்து கோத்த உடுப்புகளைத் துல்லியமாகக் காட்டுகிறது. உள்ளே இருப்பவர் யார், என்ன செய்யப்போகிறார், எல்லாம் தெரிந்துவிட்டது. இனி மிச்சம் தர்மக் கணக்கு மட்டும்தான்: ஓர் உயிரா, எண்பது உயிரா? இயக்குநர் அந்த வண்டைப் பொய் சொல்லாத வண்டாகப் படைத்துவிட்டார். படத்தின் மொத்த வாதமும் அதன் முதுகில்தான் நிற்கிறது.

நிஜத்தில் என்ன நடக்கிறது? 2021 ஆகஸ்ட் 29, காபூல். ஓர் உதவி நிறுவன ஊழியர் ஓட்டிய வெள்ளை டொயோட்டா கொரொல்லாவை அமெரிக்க டிரோன் சுமார் எட்டு மணி நேரம் பின்தொடர்ந்தது. அவர் காரில் ஏற்றியதை வெடிமருந்து என்று முடிவு செய்தார்கள். அது தண்ணீர் கேன். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார். கார் வீட்டு முற்றத்துக்கு வந்து சேர்ந்ததும் ஏவுகணை விழுந்தது. இறந்தவர்கள் 10 பேர், அதில் 7 பேர் குழந்தைகள். அமெரிக்கப் படைத் தலைமை முதலில் இதை நியாயமான தாக்குதல் என்றது. பத்திரிகையாளர்கள் கண்காணிப்பு கேமராப் பதிவுகளைத் தேடி எடுத்து, அந்த மனிதர் அன்று எங்கெங்கே போனார் என்று அடுக்கிக் காட்டிய பிறகு, செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில், யார் மீதும் நடவடிக்கை இல்லை என்றார்கள்.

எட்டு மணி நேரம் வைத்த கண் வாங்காமல் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர் கேன் தண்ணீர் கேனாகத் தெரியவில்லை. "நீயா இருந்தா அழுத்தியிருப்பியா" என்று இங்கே யாரைப் போய்க் கேட்பது?

சோனியா கென்னபெக் 2016இல் எடுத்த 'நேஷனல் பேர்ட்' என்கிற ஆவணப்படம் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. 2010 பிப்ரவரி 21, ஆப்கானிஸ்தானின் உருஸ்கான் மாகாணம். விடிவதற்கு முன்பே மூன்று வண்டிகளில் குடும்பங்கள் கிளம்பிப் போகின்றன. மேலே டிரோன். அதை இயக்கியவர்களின் பேச்சு எழுத்தில் பதிவாகியிருக்கிறது, படம் அதை மறுபடி பேசிக் காட்டுகிறது. வழியில் இறங்கித் தொழுகிறார்கள். தொழுகிறார்களா, அப்படியானால் நாம் தேடும் ஆள்கள் இவர்கள்தான் என்று டிரோனை இயக்கியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். குழந்தை மாதிரி தெரிகிறதே என்று ஒரு பேச்சு வருகிறது. குழந்தையா, வளர்ந்த பையனா என்று விவாதம் போகிறது. ஹெலிகாப்டர்களை அழைத்துச் சுட வைத்த பிறகுதான் பெண்கள் கண்ணில் படுகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கணக்குப்படி இறந்தவர்கள் 23 பேர்.

ஈதன் ஹாக் நடித்த 'குட் கில்' படத்தைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். பகலெல்லாம் கண்டெய்னர் அறையில் உட்கார்ந்து ஆப்கானிஸ்தானில் ஆள்களைக் கொன்றுவிட்டு, சாயங்காலம் லாஸ் வேகாஸ் வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகிறவனின் கதை. அந்த மனிதனின் குடியும் தூக்கமின்மையும் உண்மையானவை. ஆனால் முடிவில், திரையில் தினம் பார்த்து வெறுத்துப்போன ஒரு பாலியல் கொடுமைக்காரனை அவனே தீர்ப்பு எழுதிக் கொன்றுவிடுகிறான். நமக்கும் கைதட்டத் தோன்றும். ஐயனார் வேலையை டிரோனுக்குக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், மறைந்து நின்று கொல்வதைப் பற்றி நம் மேடையில் பேசிவிட்டு வாலியைக் கூப்பிடாமல் இறங்க முடியாது. ராமன் செய்தது சரியா தப்பா என்று பட்டிமன்றம் நடத்தி நடத்தி நடுவர்களுக்கே அலுத்துவிட்டது, அதற்குள் நான் போகவில்லை. கம்பனில் வாலி தன் மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். பெயர் தெரிந்ததால் ஆளை எதிரே வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்கிறான். ராமன் பதில் சொல்ல வேண்டியதாகிறது. காபூல் முற்றத்தில் விழுந்த ஏவுகணையை யார் அனுப்பினார் என்று அந்த வீட்டில் மிஞ்சியவர்களுக்கு யாரும் பெயர் சொல்லவில்லை.

வாலி மாதிரி கேள்வி கேட்க வந்தவர்களும் இருக்கிறார்கள். 2013 அக்டோபர் 29, வாஷிங்டன். பாகிஸ்தானின் வடக்கு வசீரிஸ்தானிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், தன் 13 வயது மகனையும் 9 வயது மகளையும் அழைத்துக்கொண்டு அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்துக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு, தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த அவருடைய தாய் டிரோன் தாக்குதலில் இறந்துபோனார். பக்கத்தில் இருந்த இந்தப் பிள்ளைகளுக்கும் காயம். அந்தப் பையன் எழுந்து சொன்னான், எனக்கு நீல வானம் இப்போது பிடிப்பதில்லை, மேகம் மூடியிருந்தால்தான் பிடிக்கிறது, அப்போது டிரோன் வராது என்று. அதைக் கேட்க வந்திருந்த உறுப்பினர்கள் ஐந்து பேர்.

இந்த அறையில் நாம் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம். அடுத்த மாதம் 'நேஷனல் பேர்ட்' போடலாம் என்று நினைக்கிறோம். சப்டைட்டில் சின்ன எழுத்தில் வரும், முன்வரிசையில் வந்து உட்காருங்கள்.